முதியோர் இல்லங்களும் தவிர்க்கக்கூடிய மருத்துவமனைப் பயணங்களும்

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதுதானே முறை, இதில் தவிர்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நாம் நினைக்கலாம். இடுப்பெலும்பு முறிந்தாலோ பக்கவாதம் வந்தாலோ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2005ஆம் ஆண்டின் விவரங்களை அமெரிக்க அரசு ஆராய்ந்தபோது வேறொன்று தெரியவந்தது. அந்நாட்டுப் பராமரிப்பு இல்லங்களில் இருந்த வசதி குறைந்தோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதில் ஏறக்குறைய 45 விழுக்காடு தவிர்த்திருக்கக்கூடியவை. எண்ணிக்கையில் 314,000; செலவு 2.6 பில்லியன் டாலர்.

காரணமான நோய்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நிமோனியா, சிறுநீர்ப் பாதைத் தொற்று, உடலில் நீர் வற்றுதல், இதயச் செயலிழப்பு, ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய், தோல் புண் ஆகிய ஆறும்தான் பெரும்பங்கு. இவை பெரும்பாலும் ஒரே இரவில் வந்துவிடுவதில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். ஒரு பாட்டி திங்கட்கிழமை பாதிக் குவளை தேநீரை மிச்சம் வைக்கிறார். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசைக்கு வர மனமில்லை. புதன்கிழமை பேச்சில் தடுமாற்றம். வியாழன் நள்ளிரவில் இரத்த அழுத்தம் இறங்குகிறது. பணியில் இருப்பவர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கிறார். அந்த மருத்துவர் பாட்டியைப் பார்த்ததே இல்லாதவராக இருக்கலாம். அவர் சொல்லக்கூடிய ஆபத்தில்லாத பதில் ஒன்றுதான்: "அனுப்பிவிடுங்கள்."

அந்தப் பதில் யாருக்கு ஆபத்தில்லாதது என்பதுதான் கேள்வி. அவசரச் சிகிச்சைப் பிரிவின் தள்ளுகட்டிலில் பல மணி நேரம், அறியாத முகங்கள், அணையாத விளக்கு. முதியவருக்குச் சித்தக் குழப்பம் ஏற்பட இவையே போதும். படுக்கையிலேயே கிடந்தால் சில நாளில் தசை வலுவிழக்கும், படுக்கைப் புண் வரும். நடந்து போனவர் சக்கர நாற்காலியில் திரும்புவதும் உண்டு.

அமெரிக்காவில் பண ஏற்பாடும் இதற்குத் துணைபோனது. மருத்துவமனைச் செலவு ‘மெடிக்கேர்’ கணக்கில். இல்லத்தில் நீண்டநாள் தங்கும் வசதி குறைந்தோரின் செலவு ‘மெடிக்கெய்ட்’ கணக்கில். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பியவருக்கு மெடிக்கேர் சில காலம் இல்லத்துக்குக் கூடுதல் கட்டணம் தரும். அனுப்புவதால் இல்லத்துக்கு நட்டமில்லை, இலாபம்கூட உண்டு.

சரி, என்ன செய்தார்கள்? முதல் முயற்சி ஓர் அட்டை. ‘நில், கவனி’ என்று பொருள்படும் அந்த அட்டையில் பன்னிரண்டு மாற்றங்கள் இருக்கும். வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசுகிறாரா, குறைவாக உண்கிறாரா, குறைவாகக் குடிக்கிறாரா, நடக்க அதிக உதவி கேட்கிறாரா என்று மிக எளிய கேள்விகள். குளிப்பாட்டி ஊட்டிவிடும் பராமரிப்பாளர் அதில் வட்டமிட்டுத் தாதியிடம் கொடுப்பார். இவ்வட்டையை உள்ளடக்கிய ‘இன்டராக்ட்’ முறை மூன்று மாநிலங்களின் 25 இல்லங்களில் சோதிக்கப்பட்டது. முந்தைய ஆண்டின் அதே ஆறு மாதங்களைவிட மருத்துவமனைச் சேர்க்கை 17 விழுக்காடு குறைந்ததாக 2011இல் அறிவித்தார்கள். ஆனால் 2017இல் 85 இல்லங்களைக் கொண்டு வெளியான கண்டிப்பான ஒப்பீட்டு ஆய்வில், பயிற்சி பெற்ற இல்லங்களுக்கும் மற்றவற்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இதற்கிடையில் 2012இல் அமெரிக்க அரசு ஏழு இடங்களில் வேறொரு திட்டத்தைத் தொடங்கியது. மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தின் 16 இல்லங்களில், இல்லத்துக்கு ஒருவராக உயர்பயிற்சி பெற்ற தாதியரை முழுநேரமாக அமர்த்தினார்கள். இண்டியானாவிலும் தாதியர் இல்லங்களிலேயே பணியாற்றினர். பராமரிப்பாளர் "இன்று சரியில்லை" என்று சொன்ன அன்றே படுக்கையருகே போய்ப் பார்க்க ஆள் இருந்தது. இறுதிக் காலத்தில் மருத்துவமனை வேண்டுமா வேண்டாமா என்று முதியவரிடமும் குடும்பத்திடமும் முன்கூட்டியே பேசிவைக்கவும் அவர்களுக்கு நேரம் இருந்தது. சேர்க்கைகள் உண்மையாகவே குறைந்தன. 2016 முதல் 2020 வரை நடந்த இரண்டாம் கட்டத்தில், அந்த ஆறு நோய்களையும் இல்லத்திலேயே கவனித்தால் கூடுதல் கட்டணம் என்று அறிவித்துப் பார்த்தார்கள். பணம் மட்டும் எதையும் பெரிதாகக் குறைக்கவில்லை.

அட்டையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வட்டமிட்ட அட்டையை வாங்கிப் பார்க்க ஆளில்லை என்றால் அது இழுப்பறையில்தான் கிடக்கும்.

நம் நாட்டில் இதோடு மொழிச் சிக்கலும் சேர்கிறது. மறதி நோய் முற்றிய தோட்டப்புறத்துத் தாத்தாவுக்கு மலாய் மறந்து தமிழ் மட்டும் எஞ்சியிருக்கலாம். தமிழறியாத பராமரிப்பாளருக்கு அவர் பேச்சு குறைந்தது எப்படித் தெரியும்? "தொண்டை காயுது", "எரியுது", "கிறுகிறுன்னு வருது" என்பவை அவர் காதில் வெறும் முனகல்தான். இல்லத்தில் உறவினரைச் சேர்த்திருப்பவர்கள் இந்தச் சொற்களை மலாய்ப் பொருளோடு ஒரு தாளில் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டலாம். அவர் வழக்கமாக ஒரு நாளில் எத்தனை குவளை குடிப்பார், எவ்வளவு தூரம் நடப்பார் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். இரவில் பயிற்சி பெற்ற தாதி இருக்கிறாரா என்று இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.