குடியும் குடியுரிமையும் – 9: பாட்டனும் பூட்டனும்

பிரித்தானிய மகுடத்தின் பிரஜைகள் என்ற பொதுப்பெயரோடு இத்தீவில் வாழ்ந்திருந்த மக்கள், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்த 1948 நவம்பர் 15ஆந் திகதி முதல், தம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களானார்கள் என்பதைச் சென்ற வாரம் கண்டோம். அக்கேள்வி யாரை நோக்கி எழுப்பப்பட்டது என்பதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை.

வம்சாவளிப் பிரஜையாவதற்குச் சட்டம் விதித்த நிபந்தனை, படிப்பதற்கு எளிதானதே. இலங்கையில் பிறந்த ஒருவருக்குத் தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். ஆனால் கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் தலைமுறைகளாகத் தொழில் செய்த குடும்பங்களில், தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தை அனுசரித்து, பிள்ளைப்பேற்றுக்காகக் கப்பலேறி இராமநாதபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ சென்று, குழந்தைக்குச் சில மாதமானதும் திரும்பி வந்த பெண்கள் இருந்தார்கள். அப்படி அக்கரையில் பிறந்த பிள்ளை, கொழும்பிலேயே வளர்ந்து, கொழும்பிலேயே மணம் புரிந்து, கொழும்பிலேயே பிள்ளை பெற்றிருப்பினும், அவர் மகன் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமாயின் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் ருசு காட்ட வேண்டியிருந்தது. 1840ஐ ஒட்டிப் பிறந்த பூட்டனுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எந்தக் கச்சேரியில் கிடைக்கும்?

தாய் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவளாயினும் அது கணக்கில் வராது. முறைப்படி மணம் முடியாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு மாத்திரம், தந்தை என்ற இடத்தில் தாயை வைத்துப் பார்க்கலாம் என்று அச்சட்டமே இடங்கொடுத்தது. தாலி கட்டியவளுக்கு மறுத்த பெருமையைக் கட்டாதவளுக்கு அளித்த சட்டத்தை என்னவென்பது!

இந்திய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு இவ்விஷயத்தில் பெருந்தன்மையானது. தாய் தந்தையருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் எவரேனும் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வசிப்பவர் அங்குள்ள இந்தியப் பிரதிநிதியிடம் விண்ணப்பித்துப் பிரஜையாகப் பதிவு செய்துகொள்ளலாம். தாய்வழிப் பாட்டியும் அங்கே கணக்கில் உண்டு. ஆயினும் இரண்டு நாட்டுக்கும் ஒருசேரப் பிரஜையாயிருக்க இந்தியா அன்றும் இசையவில்லை, இன்றும் இசையவில்லை. இரண்டு கதவுகளுக்கும் இடையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதற்கு, 1964 அக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமே சாட்சி: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று இரு அரசுகளும் மனிதரைப் பாகம் பிரித்தன. அந்த மீதியை 1974இல் சரிபாதியாக்கினார்கள்.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே எழுந்துள்ள மாடி வீடுகளில், பிள்ளைகளை டொரொன்டோவிலும் இலண்டனிலும் வைத்துக்கொண்டு வாழும் பெற்றோரிடத்து இன்று வழங்கும் பேச்சு, இரட்டைப் பிரஜாவுரிமை. பிறநாட்டுப் பிரஜாவுரிமையைத் தானாக விரும்பி ஏற்பவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழப்பார் என்பதே பொதுவிதி. 1987ஆம் ஆண்டுத் திருத்தம், இழந்ததை மீளப் பெறவும், இழக்குமுன் தக்கவைத்துக்கொள்ளவும் வழி செய்தது. அது உரிமையன்று, இலங்கைக்கு நன்மை பயக்கும் என அமைச்சர் திருப்திப்பட்டால் வழங்கும் அனுமதி. கனடா மாப்பிள்ளையைக் கைப்பிடித்தவுடன் பெண்ணும் கனடாப் பிரஜை ஆகிவிடுவாள் என்று கல்யாணப் பேச்சில் சொல்லப்படுவதும் உண்மையன்று. விவாகம் அவளுக்கு நிரந்தர வதிவுக்கான வழியைத்தான் திறக்கிறது; பிரஜாவுரிமைக்கு அவளும் ஏனையோரைப்போலக் குறித்த காலம் அங்கே வசித்து விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பெறும் நாளில், முன்கூட்டியே தக்கவைப்புக்கு விண்ணப்பித்து அனுமதி பெறாதிருந்தால், பிறந்த நாட்டின் உரிமை போய்விடும்.

இரட்டை உரிமை உடையவர் பாராளுமன்றத்தில் அமர முடியாது என்ற 2015ஆம் ஆண்டு விதியால், சுவிற்சர்லாந்துப் பிரஜாவுரிமையும் பெற்றிருந்த கீதா குமாரசிங்க 2017இல் தம் ஆசனத்தை இழந்தார். 2020இல் நீக்கப்பட்ட அவ்விதி 2022இல் திரும்பவும் வந்தது. நம் வாசகர்களுள் பெரும்பாலோர்க்கு அது கவலையன்று.

அவர்கள் கவனிக்கத்தக்கது 2003ஆம் ஆண்டுத் திருத்தம். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, தாய் மாத்திரம் இலங்கைப் பிரஜையாயிருந்தாலும் பிள்ளை வம்சாவளிப் பிரஜையாகலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. தாமதமானாலும் நியாயமான திருத்தம். ஆனால் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இந்த உரிமை பதிவினாலேயே கைகூடும். பிறந்து ஒரு வருஷத்துக்குள் தூதரகத்திலோ இங்குள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதிவு செய்ய வேண்டும், பிந்தினால் தகுந்த காரணங் காட்ட வேண்டும். பேரப்பிள்ளை பிறந்த செய்தி தொலைபேசியில் வந்தால், பெயர் என்ன வைக்கிறீர்கள் என்று கேட்ட கையோடு, பதிவு செய்தாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள். மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியொன்றையும் அனுப்பி வையுங்கள்.