ஸ்நாக்ஸ் டப்பாவைக் கொல்லை தீர்மானிக்கட்டும்

காலை இன்டர்வலுக்கு என்ன கொடுத்துவிடுவது என்பது பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் எல்லா வீட்டிலும் தினமும் எழும் கேள்வி. அவசரத்தில் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டையோ கிரீம் பிஸ்கட்டையோ டப்பாவில் வைத்துவிடுகிறோம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் மாதத்துக்கு 400 ரூபாய்க்கு மேல் இதற்கே போய்விடுகிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2020-இல் விதி வகுத்தது. வாசலில் விற்கக் கூடாதென்று சொல்லப்பட்ட அதே பண்டம் நம் கையாலேயே உள்ளே போகிறது என்பதுதான் என் வருத்தம்.

கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு கொய்யாவும் நின்றாலே இந்தச் செலவில் பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம்.

முருங்கையும் கொய்யாவும் சேர்ந்தால்

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பள்ளிக்கு வரும்போது பலர் அந்தச் சோர்வோடுதான் வருகிறார்கள்.

முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேராது. கூடவே வைட்டமின் சி இருந்தால்தான் நன்றாகச் சேரும். கொய்யாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் ஆரஞ்சில் இருப்பதைப் போல நான்கு மடங்கு இது!

ஒரு கப் கேழ்வரகு மாவில் ஒரு பெரிய கைப்பிடி முருங்கைக்கீரை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், உப்பு போட்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, பிள்ளையின் உள்ளங்கை அளவுக்குச் சின்ன அடைகளாகத் தட்டிச் சுட்டெடுங்கள். பெரிய அடையைப் பிய்த்துத் தின்ன இன்டர்வலில் நேரம் இருக்காது. பக்கத்தில் நான்கு கொய்யாத் துண்டு. கொய்யா இல்லாத நாளில் ஒரு நெல்லிக்காயைக் கொட்டை நீக்கிக் கீறி, உப்பில் புரட்டி வைக்கலாம். அன்று காலை டீயோ காபியோ மட்டும் வேண்டாம்; அவை இரும்பைச் சேரவிடாமல் தடுப்பவை.

பரிசோதனையில் சோகை என்று தெரிந்த குழந்தைக்கு அடை மட்டும் போதாது. டாக்டர் எழுதித் தரும் மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும்.

மாதம் பார்த்து

ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலை ஐப்பசியில் வீட்டுக்கு வரும். பச்சைக்கடலையை உப்புப் போட்டு அவித்து, தோலுரித்துக் கொடுத்தால் பசி நன்றாகத் தாங்கும். மார்கழி, தை கிழங்குக் காலம். பனங்கிழங்கை அவித்து, நாரும் நடுக்குருத்தும் எடுத்து, வெட்டித் தரலாம். சர்க்கரைவள்ளியை வெல்லம் சேர்க்காமல் அப்படியே வேகவைத்தாலே இனிக்கும். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் வகை கிடைத்தால் அதை நடுங்கள். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக உடல் மாற்றிக்கொள்ளும் சத்து அதில்தான் மிகுதி. பப்பாளிக்கும் அந்தக் குணம் உண்டு. காராமணிக் கொடி காய்க்கும்போது சுண்டல், வாழைத்தார் பழுக்கும்போது பழம்.

ஒரே பண்டம் வாரத்தில் மூன்று நாள் வந்தாலும் கெடுதல் இல்லை. காய்ப்பு முடிந்ததும் அதுவே மாறிவிடும்.

மரவள்ளியில் மட்டும் கவனம். அதில் இயற்கையாகவே நச்சுச் சேர்மம் உண்டு. தோலை முழுக்க உரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைக் கொடுக்கவே கூடாது.

மாடிவீட்டில்

கொல்லை இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 செடிமுருங்கையைப் பெரிய டிரம்மில் வளர்த்து, நுனியைக் கிள்ளிக்கொண்டே வந்தால் கீரைக்குப் பஞ்சமிருக்காது. காராமணிக்கு ஒரு பையும் ஒரு கயிறும் போதும்.

டப்பாவில் வைக்கும்முன்

சுட்ட பண்டத்தை ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நசநசத்துப் போகும். தேங்காய்ச் சட்னி வெயில் நாளில் சீக்கிரம் ஊசிவிடும், அதைத் தவிர்க்கலாம். பூசணம் பிடித்த கடலையையும் கசக்கும் கடலையையும் கழுவிப் பயன்படுத்தாமல் தூக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக்கடலை தராதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். பொடித்து அடைமாவில் கலந்து கொடுங்கள். கடலை ஒவ்வாத பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் அவசியம். பிள்ளைகள் டப்பாவைப் பகிர்ந்து தின்பவர்கள்.