பழைய லேத் கருவிகளை அடையாளம் காணுதல்

லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தைப் பழைய விலைக்கு விற்பவர், அதனுடன் ஒரு பெட்டி நிறையத் துணைக் கருவிகளையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பட்டறைகளை மூடும்போதும், ஏலத்திலும், பழைய இரும்புக் கடைகளிலும் இவை இயந்திரம் இல்லாமல் தனியாகவும் கிடைக்கும். பெட்டியில் இருப்பவற்றில் பல, வாங்குபவருக்குப் பெயர் தெரியாதவை. சில லேத்துக்கு உரியவையே அல்ல. மில்லிங், ஷேப்பிங், டிரில்லிங் இயந்திரங்களின் பாகங்களும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். தெரியாமல் எடைக்குப் போட்டால் நட்டம். தெரியாமல் மாட்டினால் ஸ்பிண்டில் கெடும், இயக்குபவருக்கும் ஆபத்து.

புதிய கருவி ஒன்றைக் கையில் எடுத்ததும் பெரும்பாலோர் அதன் வெட்டும் முனையைத்தான் பார்ப்பார்கள். மறுமுனையை முதலில் பார்ப்பதே நல்லது. வெட்டும் முனை தேய்ந்திருக்கும்; பலமுறை சாணை பிடித்து உருவம் மாறியிருக்கும். பொருத்தும் முனை பெரும்பாலும் தயாரித்தபோது இருந்த அளவிலேயே இருக்கும். கருவி எந்த இயந்திரத்தில் எந்த இடத்தில் உட்காரும் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். அளப்பதற்கு முன் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போதும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் பொறித்த எழுத்துகளும் துருவோடு போய்விடும்.

கூம்பு வடிவத் தண்டுகள்

பெட்டியில் அதிகம் இருப்பவை கூம்பாகச் சரிந்த தண்டு கொண்டவை: சென்டர், டிரில், டிரில் சக், ரீமர். இவற்றில் பெரும்பான்மை மோர்ஸ் டேப்பர். அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1860களில் உருவாக்கிய அளவுமுறை இது. சரிவு ஏறத்தாழ 20க்கு 1. தண்டின் அகன்ற பக்கத்து விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் எண் தெரியும். 1ஆம் எண் ஏறத்தாழ 12.1 மி.மீ., 2ஆம் எண் 17.8, 3ஆம் எண் 23.8, 4ஆம் எண் 31.3, 5ஆம் எண் 44.4 மி.மீ. சிறிய லேத்துகளின் டெயில்ஸ்டாக்கில் 2ஆம் எண்ணே மிகுதி.

தண்டின் கடைசியில் தட்டையான நாக்கு இருந்தால் அது டிரில்லிங் இயந்திரத்துக்கோ டெயில்ஸ்டாக்குக்கோ செய்யப்பட்டது. நாக்குக்குப் பதில் உட்புற மரை இருந்தால், பின்னாலிருந்து போல்ட் போட்டு இழுத்துப் பிடிப்பதற்கானது. அது மில்லிங் இயந்திரத்திலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தலையில் மட்டும் சட்டென்று விரியும் சரிவும், அதற்குக் கீழே ஏறத்தாழ 24.1 மி.மீ. விட்டத்தில் நேரான உடலும், பக்கவாட்டில் சாவிக்காடியும் இருந்தால் அது ஆர்8. பிரிட்ஜ்போர்ட் வகை மில்லிங் இயந்திரத்தின் பாகம் அது. டெயில்ஸ்டாக்கில் உட்காரவே உட்காராது.

ஏமாற்றக்கூடியது பிரௌன் அண்ட் ஷார்ப் டேப்பர். பார்வைக்கு மோர்ஸ் போலவே இருக்கும். சரிவு மட்டும் 24க்கு 1. மோர்ஸ் துளையில் போட்டால் ஒரு முனையில் மட்டும் பிடித்து ஆடும். ஆடியபடியே வேலை செய்தால் துளை கெட்டுவிடும். சந்தேகம் வந்தால் தண்டின் மேல் நீளவாக்கில் மூன்று பென்சில் கோடுகள் இழுத்து, துளையில் செருகி இலேசாகத் திருப்பி எடுக்க வேண்டும். கோடு முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் பொருத்தம் சரி. ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால் டேப்பர் வேறு, அல்லது தண்டு அடிபட்டிருக்கிறது.

சக்கும் தாடைகளும்

சக்கின் பின்தட்டில் உள்ள மரை எந்த லேத்துக்கு உரியது என்பதைச் சொல்லும். இங்கிலாந்தின் மைஃபோர்ட் எம்.எல்.7 லேத்தில் ஸ்பிண்டில் மூக்கு 1⅛ அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை. அமெரிக்காவின் 9 அங்குல சௌத் பெண்டில் 1½ அங்குலம், 8 மரை. விட்டத்தோடு பிட்ச் கேஜ் வைத்து மரையையும் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. மரை இல்லாமல் தட்டின் பின்னால் தடித்த முளைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது கேம்லாக் வகை.

மூன்று தாடைச் சக்கில் தாடைகள் 1, 2, 3 என்று எண்ணிடப்பட்டிருக்கும். உள்ளேயிருக்கும் சுருள் தட்டில் அதே வரிசையில் ஏற்றினால்தான் மூன்றும் மையத்தில் சேரும். தாடையிலுள்ள வரிசை எண்ணும் சக்கின் உடலிலுள்ள எண்ணும் வேறாக இருந்தால் அவை வேறு சக்கிலிருந்து வந்தவை. ஜாப் மையம் விலகி ஓடலாம். பெட்டியின் அடியில் தனியாகக் கிடக்கும் மூன்று தாடைகள் பெரும்பாலும் அதே சக்கின் எதிர்ப்பக்கத் தாடைகள். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

உடைந்தவை போலத் தோன்றுபவை

கூம்பு முனையில் ஒரு பக்கம் வெட்டியெடுத்தது போன்ற சென்டர் ஒன்று கிடைக்கும். அது உடைந்தது அல்ல, அரை சென்டர். இரு சென்டர்களுக்கு இடையே பிடித்த ஜாப்பின் முகப்பைச் சீவும்போது டூல் நடுவரை வருவதற்காக அப்படிச் செய்யப்பட்டது. மொண்ணையான பெரிய கூம்பு, குழாய்களைத் தாங்கும் சென்டர். வாத்துக் கழுத்துபோல் வளைந்து நடுவில் பிளவு விட்ட ஹோல்டர், டூல் சிக்கிக்கொள்ளாமல் சற்று விட்டுக்கொடுப்பதற்கான ஸ்பிரிங் ஹோல்டர். மரை வெட்டப் பயன்படும். சதுரத் துளை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் ஹோல்டர், ஒற்றைத் தூண் வடிவ அமெரிக்க டூல் போஸ்ட்டுக்கு உரியது. படகு போல் அடிப்பக்கம் வளைந்த சிறு இரும்புத் துண்டு உடன் கிடந்தால் அதுவும் அதே தொகுதிதான்.

அதிகம் பழைய இரும்பாகப் போவது மேண்ட்ரல். வழவழப்பான வெறும் கம்பி போலவே இருக்கும். இரு முனைகளிலும் சென்டர் குழிகளும், பக்கத்தில் சிறு தட்டையும், ஒரு முனையில் பொறித்த அளவும் இருந்தால் அது கம்பி அல்ல. மைக்ரோமீட்டர் வைத்தால் ஒரு முனை மற்றதைவிட மிகச் சிறிதளவு பெரிதாக இருக்கும். சரிவு ஏறத்தாழ 2000க்கு 1. துளையிட்ட ஜாப்பை இறுக்கி ஏற்றிக் கடைவதற்காக நுட்பமாகச் சாணை பிடித்துச் செய்த பொருள் அது.

பற்சக்கரங்களில் பல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். 127 பல் கொண்ட பெரிய சக்கரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட வைப்பது இந்தச் சக்கரம்.

டூலின் உலோகம்

டூல் பிட்டுகளில் எச்.எஸ்.எஸ். என்றோ எம்2, எம்42 என்றோ பொறித்திருந்தால் அது ஹைஸ்பீடு ஸ்டீல். எழுத்து அழிந்திருந்தால் சாணைக்கல்லில் ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம். சாதாரணக் கார்பன் எஃகு பூவாணம் போல வெள்ளையாகச் சிதறும். ஹைஸ்பீடு ஸ்டீல் மங்கிய செந்நிறத்தில், கொஞ்சமாகத்தான் பொறி விடும். கார்பன் எஃகு டூல் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே கடினம் இழக்கும். மற்றது 600 டிகிரி வரை தாங்கும்.

எஃகுத் தண்டின் நுனியில் பித்தளை நிறக் கோட்டோடு ஒட்டிய கறுத்த துண்டு இருந்தால் அது கார்பைடு. தண்டின் பெயிண்ட் நிறத்துக்கும் பொருள் உண்டு: நீலம் எஃகுக்கு, மஞ்சள் துருப்பிடிக்காத எஃகுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு. சாதாரணச் சாம்பல் நிறச் சாணைக்கல் கார்பைடைச் சரிவரத் தேய்க்காது. பச்சை நிறச் சிலிக்கான் கார்பைடு கல்லோ வைரக்கல்லோ வேண்டும். அந்தத் தூசியில் கோபால்ட் இருப்பதால் தூசிக் கவசம் இல்லாமல் சாணை பிடிக்கக் கூடாது.