வைரஸ் முன்னே, பாக்டீரியா பின்னே

எச்சிலை ஒருமுறை விழுங்குங்கள். கூடவே கொஞ்சம் சளியும் போயிருக்கும். முகம் சுளிக்க வேண்டாம், எல்லோரும் நாள் முழுக்கச் செய்கிற வேலைதான். மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள பல செல்களில், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 200 நுண்மயிர்கள் உண்டு. காற்றில் நெல்வயல் அலையடிப்பதுபோல, நொடிக்கு 10 தடவைக்கு மேல் அவை அசையும். தூசியும் கிருமியும் ஒட்டிய சளி அப்படியே தொண்டைக்கு ஏறிவிடும்.

ஃப்ளூ வைரஸ் தாக்குவது இந்தச் செல்களைத்தான். செல் செத்து உதிர்ந்தால் நுண்மயிரும் போச்சு, சளி தேங்கிவிடும். அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் குடியிருந்த பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கும். 1918-இல் உலகை உலுக்கிய ஃப்ளூவில் மாண்டவர்களில் பெரும்பாலோரை முடித்துவைத்தது இப்படிப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான். அன்று பாதுகாத்து வைத்த நுரையீரல் துண்டுகளை 2008-இல் மைக்ராஸ்கோப்பில் மறுபடி ஆராய்ந்தபோதும் அதுவே தெரிந்தது.

அன்று ஆன்டிபயாட்டிக் இல்லை. இன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பாக்டீரியாவும் சும்மா இருக்கவில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா, பெனிசிலினை உடைக்கும் நொதியைச் செய்துகொண்டது. அந்த நொதிக்கு மசியாத மெதிசிலின் 1959-இல் வந்தது. 1961-இலேயே அதையும் சமாளிக்கும் ரகம் இங்கிலாந்தில் பிடிபட்டது. இரண்டே வருஷம்! போதாததற்கு, மருந்தை எதிர்க்கும் திறனைத் தரும் மரபணுக்களைப் பாக்டீரியாக்கள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவற்றுக்கும் கைமாற்றும்.

இன்னொன்று: மருந்து தனியாகப் போரிடுவதில்லை. மிச்சக் கிருமிகளை விழுங்கித் தீர்ப்பவை நம் வெள்ளணுக்கள். புற்றுநோய் மருந்து எடுப்பவருக்கு அவை குறைந்துபோகும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், புதிய உறுப்பை உடல் எதிர்க்காமலிருக்க, நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். இவர்களுக்கு மருந்தும் கேட்காத கிருமி வந்தால் பெரும்பாடுதான்.

எந்த மருந்து கேட்கும் என்று எப்படித் தெரியும்? நோயாளியின் சளியிலிருந்து கிருமியைப் பிரித்து, வட்டத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை மேலே வைப்பார்கள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி மங்கலாகப் படர்ந்திருக்கும். வேலை செய்கிற வில்லையைச் சுற்றி மட்டும் பெரிதாக ஒரு தெளிந்த வட்டம் விழும். மொத்தத்தில் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை நோயாளி காத்திருக்க முடியாது. டாக்டர் அனுபவத்தை நம்பி ஒரு மருந்தைத் தொடங்கிவிடுவார்.

நோய் எதிர்ப்பு குறைந்த இத்தகையவர் இருக்கும் வீட்டில் உங்களுக்கும் ஃப்ளூ ஊசி போடச் சொல்வது இதனால்தான்: வைரஸ் உங்கள் வழியாக அவரிடம் போகக் கூடாது.