தெளிவும் தூய்மையும்

நுழையும்முன்

குவளையின் அடிப்பகுதி தெரியுமளவிற்கு நீர் தெளிவாக இருந்தால், அதனைத் தூயது என்று நம்புவது மக்கள் இயல்பு. அந்நம்பிக்கை எப்போதும் சரியானதா? தில்லி மாநகரில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இவ்வினாவிற்கு விடை தருகிறது.

பாடம்

1955ஆம் ஆண்டு யமுனை ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆற்றின் நீரோட்டம் இடம் மாறி, தில்லிக்குக் குடிநீர் எடுக்கும் வசீராபாத் நீரேற்று நிலையத்தைவிட்டு விலகிச் சென்றது. அந்நிலையத்திற்குச் சற்றுக் கீழே, நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் நஜஃப்கர் வடிகால் யமுனையில் கலக்கிறது. நீரோட்டம் விலகியதால் அக்கழிவுநீர் பின்னோக்கிப் பரவி, குடிநீர் எடுக்கும் இடத்தையே அடைந்தது. நிலையத்தில் பணியாற்றியோர் இதனை அறிந்து, நீரில் சேர்க்கும் குளோரினின் அளவை உயர்த்தினர்.

அம்முயற்சி முற்றிலும் வீணாகவில்லை. டைபாய்டும் சீதபேதியும் நகரில் பெருகவில்லை. ஆயினும், சில வாரங்கள் கழிந்தபின் தெருத்தெருவாக மஞ்சள் காமாலை பரவியது. 1956ஆம் ஆண்டு சனவரி முடிவதற்குள் ஏறத்தாழ 29,000 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். கருவுற்ற தாய்மாரை அது கடுமையாகத் தாக்கியது, உயிரிழந்தோரும் உண்டு.

நீர் ஒன்றே, அதில் சேர்த்த மருந்தும் ஒன்றே. அவ்வாறிருக்க, ஒரு நோய் அடங்கியதும் மற்றொரு நோய் பரவியதும் ஏன்?

நீரின் வழியே நோய் பரப்பும் நுண்ணுயிரிகள் பல வகைப்படும். டைபாய்டு, காலரா ஆகியவற்றை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். இவை குளோரினுக்கு எளிதில் அழிந்துவிடும். தில்லியில் காமாலையைப் பரப்பியதோ ஒரு வைரஸ். பாக்டீரியாவை அழிக்கப் போதுமானதாக இருந்த குளோரின் அவ்வைரஸை அழிக்கப் போதவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அதற்கு ‘ஹெபடைடிஸ் ஈ’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியோ இன்னும் வலியது. அதன் மேலுறை தடித்திருப்பதால், குடிநீரில் வழக்கமாகச் சேர்க்கும் குளோரினுக்கு அது எளிதில் அழிவதில்லை.

கிருமிநீக்கி பயன் தருவதற்கு மூன்று நிலைமைகள் அமைய வேண்டும். முதலாவது, உரிய அளவு. திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் நாளடைவில் வீரியத்தை இழந்துவிடும்; அதனை அளந்து இட்டாலும் உரிய பயன் கிட்டாது. இரண்டாவது, உரிய நேரம். குளோரின் இட்ட நீரைக் குறைந்தது 30 நிமிடம் வைத்திருந்து, அதன்பின் பருக வேண்டும். மூன்றாவது, கலங்கல் இல்லாத நீர். கலங்கிய நீரில் உள்ள அழுக்கே குளோரினின் பெரும்பகுதியை உட்கொண்டுவிடும். கிருமிகளோ அழுக்குத் துகள்களுக்குள் மறைந்து தப்பிவிடும்.

இக்காரணத்தினால்தான் நீரேற்று நிலையங்களில் முதலில் படிகாரம் சேர்த்துக் கலங்கலைப் படிய வைக்கின்றனர், பின்பு வடிகட்டுகின்றனர், இறுதியில் குளோரின் சேர்க்கின்றனர். தமிழகச் சிற்றூர்களில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்து நீரைத் தெளிய வைக்கும் வழக்கம் இருந்தது. ‘தேற்றுதல்’ என்னும் சொல்லுக்குத் ‘தெளிவித்தல்’ என்பது பொருள். படிகாரமும் தேற்றாங்கொட்டையும் நீரைத் தெளிவிக்கும். ஆனால், அதிலுள்ள கிருமிகளை முழுவதும் நீக்கா. தெளிவு வேறு, தூய்மை வேறு.

கொதிக்கவைத்தல் எல்லா வகைக் கிருமிகளையும் வெல்லும் எளிய வழியாகும். நீர் நன்கு கொப்புளித்துக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சிம்லா, லே போன்ற உயர்ந்த மலையூர்களில் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். ஆதலால் அங்கு மூன்று நிமிடம் கொதிக்கவிடுதல் வேண்டும்.

தூய்மையாக்கிய நீரும் மீண்டும் மாசடையலாம். குழாய் நீரில் எஞ்சியிருக்கும் சிறிதளவு குளோரின், வழியில் புகும் கிருமிகளைத் தடுக்கும் காவலாக நிற்கிறது. கொதிக்கவைத்த நீரிலும் கரி வடிகட்டி பொருத்திய கருவியிலிருந்து பெறும் நீரிலும் அக்காவல் இல்லை. எனவே, அந்நீரை மூடியுள்ள தூய கலத்தில் வைத்து, விரைவில் பயன்படுத்த வேண்டும். கையோ குவளையோ நீரில் படாதபடி நீண்ட காம்புடைய கரண்டியால் எடுத்தல் நன்று. மாடியில் உள்ள நீர்த்தொட்டியை மூடி வைப்பதும், குறித்த காலத்தில் கழுவுவதும் இன்றியமையாதவை.

தில்லி மக்கள் பருகிய நீரில் மருந்து இருந்தது. ஆனால், அதனை மட்டுமே நம்பியிருத்தல் போதவில்லை. கழிவுநீர் குடிநீரில் கலவாமல் காப்பதே முதற்கடமை. மருந்து அதற்கு அடுத்த காவலே ஆகும்.

சொல்லும் பொருளும்

கலங்கல் – தெளிவின்மை
வீரியம் – ஆற்றல்
கலம் – பாத்திரம்
காம்பு – கைப்பிடி
எஞ்சிய – மீதமுள்ள

பயிற்சி

1. நஜஃப்கர் வடிகால் நீர், குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது எவ்வாறு?
2. தில்லியில் டைபாய்டு பெருகாமல் காமாலை மட்டும் பரவியது ஏன்?
3. கிருமிநீக்கி பயன் தருவதற்கு வேண்டிய மூன்று நிலைமைகளைக் கூறுக.
4. ‘தெளிவு’, ‘தூய்மை’ ஆகிய சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
5. உங்கள் வீட்டிற்குக் குடிநீர் வரும் வழியையும் அதனைச் சேமிக்கும் முறையையும் பெரியவர்களிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.