புகை போகும் வழி

நம் தேசத்தின் எந்த ராஜபாட்டையில் அரை நாழிகை நின்று பார்த்தாலும், நாமக்கல்லில் பாடி கட்டிய லாரி ஒன்றாவது நம்மைக் கடந்து போகாமல் இராது. வெளியூர்த் தொழிற்சாலையிலிருந்து என்ஜினும் சக்கரமும் மட்டுமாய், வெறும் எலும்புக் கூடாக ஓடிவரும் சேஸிஸுக்கு இங்குள்ள தச்சரும் வெல்டரும் பெயிண்டரும் சேர்ந்து உடம்பு கொடுத்து, பொட்டும் பூவும் வைத்து அனுப்புகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாட்டுப் பாறைகளையெல்லாம் துளைத்துத் தண்ணீர் தேடுகின்றன. சங்ககிரி லாரிக்காரர்களைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1997-ல் நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்துவிட்டது என்றாலும், மோட்டார்த் தொழிலைப் பொறுத்தமட்டில் சேலமும் நாமக்கல்லும் இன்றும் ஒரே சீமைதான்.

இத்தகைய சீமையில், வண்டி ரிப்பேருக்கு ஆள் அகப்படவில்லை என்று எவரும் குறை கூற முடியாது. என்ஜின் நின்றுபோனால் ஓடவைக்கவும், அச்சு முறிந்தால் நடுச்சாலையிலேயே பொருத்தவும் வல்ல மேஸ்திரிகள் தெருவுக்கு நால்வர் உண்டு. ஆனால் வண்டியை நிறுத்தாத கோளாறு ஒன்று இருக்கிறது. புகைக்குழாய் நடுவழியில் கசிவதுதான் அது. வண்டி சுகமாகவே ஓடும்; உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தலை வலிக்கும். வண்டியைப் பார்க்கத் தெரிந்த பட்டறைகள், இதைப் பார்க்காமல் விட்டுவிடுவது எப்படி என்பதே நம் கேள்வி.

என்ஜினுக்குள் எரிந்த புகை, முதலில் மேனிபோல்டு என்னும் வார்ப்புக் குழாயில் கூடி, அங்கிருந்து வண்டியின் அடிவயிற்றோடு ஓடி, சைலன்ஸரைக் கடந்து பின்னால் வெளியேறுகிறது. வழியில் இணைப்புகள் பல. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு கேஸ்கட் இருக்கும். சூட்டிலும் குலுக்கலிலும் அது கருகிப் போவதுண்டு, போல்ட் தளர்வதுண்டு, குழாயே துருப்பிடித்து ஓட்டை விழுவதும் உண்டு. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுதான் ஆபத்தானது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை இது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்துடன் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் எளிதில் விடாது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும், இரத்தத்தில் ஏறியதில் பாதி கழியவே நாலைந்து மணி நேரம் ஆகும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். தூக்கம் வந்தவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கமாட்டார்.

இந்த வாயு நம்மவர்களுக்கு முன்பின் அறியாத விருந்தாளியும் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பஸ்களின் முதுகில் கரி அடுப்பை ஏற்றி ஓட்டிய கதையைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மதுரை டி.வி.சுந்தரம் அய்யங்கார் அப்படியொரு கரிவாயுக் கருவியைத் தயாரித்து விற்றார். அந்தக் கரி பஸ்களை ஓட்டிய எரிபொருளில் முக்கியமானது இதே கார்பன் மோனாக்ஸைடுதான். அன்று வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். ஆகையால் அடுப்பு வண்டியின் வெளியே தொங்கியது. இன்று அது தானாக உண்டாகிறது. எங்கே கசிகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

"நம்மிடம் புகைச் சான்றிதழ் இருக்கிறதே!" என்று நேயர்கள் சொல்லக்கூடும். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவாகி ஓராண்டு கடந்த வண்டி ஒவ்வொன்றும் இந்தச் சான்றிதழை வைத்திருக்க வேண்டியதுதான். பி.எஸ். 4 ரகப் பெட்ரோல் கார், நின்றபடி ஓடும்போது விடும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. ஆனால் அளவுக் கருவியின் குழலை எங்கே செருகுகிறார்கள்? வால் நுனியில்! நடுவழியில் குழாய் கசிந்தால் அந்த வழியாக வெளிக்காற்றும் உள்ளே புகும். அது புகையோடு கலந்து, வால் நுனியில் வரும் புகையை நீர்க்கச் செய்துவிடும். பாலில் தண்ணீர் கலந்தவன் பாலில் கொழுப்பு குறைவு என்று பெருமைப்பட்டதுபோல, கசியும் வண்டி சுத்தமான வண்டியென்று பத்திரம் வாங்கிக்கொண்டு வந்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இக்காலத்துக் கார்களில் புகையைச் சுத்தம் செய்வதற்கென்றே கேடலிடிக் கன்வெர்ட்டர் என்னும் பாகம் இருக்கிறது. விஷவாயுவை அது மாற்றிவிடுகிறது. ஆனால் கசிவு அதற்கு முன்னால், மேனிபோல்டு பக்கத்தில் இருந்தால், வெளிவருவது சுத்தம் செய்யப்படாத பச்சை விஷம். அது என்ஜின் அறையில் தேங்குகிறது; முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுத் துவாரம் அதை உறிஞ்சி, ஏ.ஸி. வழியாகக் குளுகுளுவென்று நம் முகத்தில் வீசுகிறது. சர்க்கார் பத்திரம் ஊர்க் காற்றைக் காக்க ஏற்பட்டது. வண்டிக்குள் இருப்பவரின் மூச்சைப் பற்றி அது ஒன்றும் பேசவில்லை.

நம் வீட்டு வண்டிக்கே இந்தச் சங்கடம் நேர்ந்தது. சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போய்ச் சேருமுன் பின்னாசனத்துக் குழந்தைகள் உறங்கிவிடுவார்கள். பாட்டிக்குத் தலை கனக்கும். "பித்தம்" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லி, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டாள். பட்டறைக்கு இருமுறை வண்டியை விட்டோம். புகை நாற்றம் வருகிறது, தலை வலிக்கிறது என்று இரண்டு முறையும் சொன்னோம். முதல் முறை ஏ.ஸி.யின் வடிகட்டியை மாற்றிப் பில் கொடுத்தார்கள். இரண்டாம் முறை வாசனை மருந்து அடித்துப் பில் கொடுத்தார்கள். "பாத்துட்டமுங்க, ஒண்ணுமில்லீங்க சார். பழைய வண்டின்னா கொஞ்சம் வாசம் வரத்தானுங்க செய்யும்" என்று மேஸ்திரி மிகவும் மரியாதையாகவே சொன்னார். கொங்கு நாட்டு மரியாதையின் முன்னால் யாரால் கோபித்துக்கொள்ள முடியும்?

பிறகு, லாரி வேலை செய்யும் நாமக்கல் வெல்டர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் வண்டியைத் தொடவில்லை. "ராத்திரி இங்கயே உட்டுட்டுப் போங்க. காலையில சூடு ஏறுறதுக்கு முன்னால கேக்கோணும்" என்றார். மறுநாள் காலையில் என்ஜினை ஓடவிட்டதும் 'டிக் டிக்' என்று ஒரு சிறு சத்தம்; ஐந்து நிமிஷத்தில் அது மறைந்தது. இரும்பு சூடேறி விரிந்து இடுக்கை மூடிக்கொள்வதால் அப்படி மறையுமாம். கனத்த துணிச் சுருட்டு ஒன்றால் வால் நுனியை ஒரு கணம் அடைத்தார்; மேனிபோல்டு இணைப்பில் 'உஸ்' என்று சீறியது. விளக்கைக் காட்டினால், அங்கே கரிப்பொட்டு! போதாக்குறைக்கு, பாட்டுப் பெட்டி பொருத்தியவர் என்ஜின் பக்கமிருந்து ஒயர் கொண்டுவந்த துவாரத்தில் ரப்பர் அடைப்பு இல்லை. கேஸ்கட்டையும் அடைப்பையும் மாற்றிய பிறகு பாட்டியின் பித்தம் தெளிந்துவிட்டது.

கருகிய கேஸ்கட்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனோம். முதலாளி தம் வேலைச் சீட்டை எடுத்துப் பார்த்தார். அதில் அவருடைய ஆள் எழுதியிருந்தது 'ஏ.ஸி. வாசனை' என்ற இரண்டே சொற்கள். நாம் சொன்ன புகையும் தலைவலியும் சீட்டில் ஏறவே இல்லை. அரை மணி நேரம் விவாதித்த பின்னர், இரண்டாம் பில்லின் தொகையைத் திருப்பித் தந்தார். அவர் பொல்லாதவரல்ல, சீட்டில் எழுதியிருப்பதை மட்டுமே அவருடைய ஆட்கள் தேடுகிறார்கள்.

இதே ஓட்டை கடல் கடந்தும் தொல்லை கொடுத்திருக்கிறது. 2017-ம் வருஷம் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்துப் போலீஸார், சுமார் நானூறு போர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளை ஒரேயடியாக ஓட்டாமல் நிறுத்தினார்கள். ஓட்டிய அதிகாரிகளுக்கு விஷவாயு ஏறியதே காரணம். அந்நாட்டு விசாரணையில், போலீஸ் விளக்கும் ரேடியோவும் பொருத்துவதற்காகப் பிற்பாடு இட்ட துவாரங்களைச் சரியாக அடைக்காமல் விட்டதும் ஒரு காரணமாகத் தெரிய வந்தது. நம் பக்கத்திலே, 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த காரவான் ஒன்றில் உறங்கிய இருவர் மாண்டு கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

ஆகவே பட்டறைக்காரரிடம் "வண்டியைப் பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. "புகைக்குழாய் கசிகிறதா என்று, என்ஜின் ஆறியிருக்கும்போது, மேனிபோல்டிலிருந்து வால் வரையில் பாருங்கள்" என்று சொல்லி, அந்த வாக்கியத்தையே சீட்டில் எழுதும்படி கேட்க வேண்டும். எழுதியதைப் படித்துப் பார்த்துத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். யார் யாருக்குத் தலை வலித்தது, எத்தனை நேரத்தில் வலித்தது, ஏ.ஸி. போட்டிருந்ததா என்பதையும் சேர்க்கலாம். பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகம் குடித்தால் அதையும் சொல்லிவிடுங்கள்; கசிவு வழியே புகும் காற்று உணர்கருவியை ஏமாற்றி, தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றச் செய்வதுண்டு. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் தீரும் வரையில் அந்த வண்டியில் எவரும், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும், ஏறாமல் இருப்பது நலம். கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும் என்று எழுபது வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் புறப்பட்டுவிடாதீர்கள்.

பட்டறைக்காரர் மறுத்தால்? 1986-ல் பிறந்து, 2020 ஜூலை முதல் புது உருவில் அமலுக்கு வந்திருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கூலி வாங்கிச் செய்யும் ரிப்பேரும் ஒரு சேவைதான். அதில் அசட்டை செய்வது சேவைக் குறைபாடு. இரண்டு வருஷத்துக்குள் ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை ஐந்து லக்ஷத்துக்கு உட்பட்டால் மனுக் கட்டணமும் இல்லை. யோசனை கேட்க 1915 என்ற டெலிபோன் எண் இருக்கிறது. ஆனால் இனாமாகச் செய்த வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. "நம்ம வண்டிதானுங்களே, பில்லு எதுக்குங்க?" என்று பட்டறைக்காரர் அன்பாகச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கார் வைத்திருப்பவர்களோடு இது முடிந்துவிடவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் காபினில் ஏ.ஸி. இருக்க வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் விதி. கொளுத்தும் வெயிலில் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டும் டிரைவர்களுக்கு இது பெரும் உபகாரம். நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் இதுவரையில் நாமக்கல் காபினின் ஜன்னல் எப்போதும் திறந்திருந்தது. இனி மூடியிருக்கும்; டிரைவரும் கிளீனரும் இரவில் என்ஜினை ஓடவிட்டபடியே உள்ளே உறங்குவார்கள். டீஸல் புகையில் இந்த வாயு பெட்ரோல் புகையைவிடக் குறைவுதான். இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஏ.ஸி. குழாய்க்கும் ஒயருக்கும் பாடி கட்டுகிறவர் இடும் துவாரங்களோ கொஞ்சநஞ்சமல்ல. கார்பன் மோனாக்ஸைடை அளந்து மணியடிக்கும் சிறு கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. கட்டி முடித்த லாரியைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஜன்னல்களை ஏற்றி, என்ஜினையும் ஏ.ஸி.யையும் ஓடவிட்டு, ஆளில்லாத காபினின் படுக்கைப் பலகைமேல் அந்தக் கருவியை அரை மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுப்பது என்று லாரி முதலாளிகள் வழக்கம் செய்துகொள்ளலாம்.