வெட்டலும் மடித்தலும்: மன்னார்க் கூத்தொலியும் மின்னிசைக் கருவித் தெரிவும்

கருவிகளின் வரலாறு அவற்றைக் கையாண்டோரின் உழைப்பினின்றும் பிரித்து நோக்கற்பாலதன்று. மின்னிசைக் கருவிகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மோக் மொட்யூலர் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய் முதலான இந்தியக் கலைஞர் அங்கு 1972 வரை ஆக்கிய பதிவுகள் 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. அந்நிய மண்ணிற் பிறந்த கருவியை நம்மவர் எவ்வாறு தமதாக்குவது என்ற வினா அன்றே எழுந்துவிட்டது எனலாம்.

அவ்வினாவை மன்னார்க் கரைக்குக் கொண்டுவருவோம். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகைப்படும் மன்னார் நாடகங்கள் கடலோரக் கத்தோலிக்க மக்களின் கூட்டுப் படைப்புகள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் ‘என்றிக் எம்பரதோர்’ நாடகத்தைப் பதிப்பித்ததன்மூலம் அவற்றுளொன்றன் ஏடு அச்சேறியது. ஆயின் அண்ணாவியாரின் குரலும் மத்தளமும் பிற்பாட்டும் அச்சில் அடங்குவன அல்ல. அவ்வொலிப்பதிவை மின்னிசையோடு இணைக்க முனைவோர், திரிபு மொட்யூல், அலைமடிப்பு மொட்யூல் என்னும் இரண்டனுள் எதனைத் தெரிவது?

இரண்டும் எளிய அலையிலிருந்து புதிய மேற்சுரங்களைப் பிறப்பிப்பன, செயல்முறையே வேறு. எல்லை 5 வோல்ற்று எனக் கொள்வோம். 8 வோல்ற்று அலை வந்தால், வெட்டும் வகைத் திரிபு மொட்யூல் அதனை 5இல் நிறுத்தித் தட்டையாக்கும். அலைமடிப்பு மொட்யூலோ எல்லையைக் கடந்த 3 வோல்ற்றைக் கீழ்நோக்கித் திருப்பி 2 வோல்ற்றாக வெளியிடும். 100 ஹேர்ட்ஸ் சைன் அலையை இருபுறமும் சமமாக வெட்டினாலும் மடித்தாலும் 300, 500, 700 எனும் ஒற்றை மேற்சுரங்களே தோன்றும். சமநிலை குலைந்தால் 200, 400 என்பனவும் சேரும்.

வேறுபாடு உள்ளீட்டை உயர்த்தும்போது புலப்படும். வெட்டப்பட்ட அலை சதுர வடிவை நெருங்கி மாற்றமின்றி நிலைத்துவிடும். உரப்பு வேறுபாடும் சுருங்கும். மடிக்கப்படும் அலையிற் புதுப்புது மடிப்புகள் தோன்ற, ஒலியின் நிறம் தொடர்ந்து மாறும். அடிச்சுரமே சிலவேளை நலிந்துவிடும். எழுபதுகளில் டொன் புக்லா, சேர்ஜ் செரெப்னின் ஆகியோரின் கருவிகளில் இம்முறை சிறப்பிடம் பெற்றது.

இதிலிருந்து தெரிவு தெளிவாகின்றது. கூத்துப் பதிவு பல ஒலிகளின் கலவை. அதனை மடித்தால் ஒவ்வொரு மத்தள அடியும் பாடகர் குரலை மடிப்புகளினூடே இழுத்துச் சொற்களைச் சிதைக்கும். ஆதலின் பதிவைக் கையாள்வோர்க்கு, உச்சங்களை மட்டும் தொடுமாறு அளவாக வைத்த திரிபு மொட்யூலே ஏற்றது. சிந்தசைசரிற் பிறக்கும் தனிச் சுருதியொலிக்கு அலைமடிப்பே உகந்தது. மத்தளத்தின் உரப்பேற்றத்தை மின்னழுத்தமாக மாற்றி மடிப்பின் அளவை இயக்கலாம். குரல் சிதையாது, தாளமே சுருதியின் நிறத்தை மாற்றும். மடிக்காத அலையையும் உடன் கலந்தால் சுருதி நிலைபெறும்.

இரண்டையும் வாங்குக என்பது சந்தையின் குரல். எவ்வொலியை எதற்காக மாற்றுகிறோம் என்பதே நமது அளவுகோலாதல் வேண்டும். மக்களின் சொல் கேட்கவேண்டிய இடத்தில் அதனை அழிக்கும் கருவி, எத்துணைப் புதுமையுடையதாயினும், அம்மக்களின் கலைக்கு உதவாது.